கோமதி ‘கோம்தி’ ஆன நாள்

“ஜெயந்தி, ‘ம’ மேல புள்ளி வச்சது யாரு?”

“நான் வைக்கல அண்ணி. நேத்து டைப் பண்ணது நீங்கதானே?”

“நான் கோமதின்னுதான் அடிச்சேன்.”

“இங்க கோம்தின்னு இருக்கே!”

இருந்தது. கல்யாணப் பத்திரிகையின் நட்டநடுவில், கொட்டை எழுத்தில், மணப்பெண் ‘கோம்தி’யாக நின்றுகொண்டிருந்தாள். லக்னோ பக்கம் ஓடும் ஆறு ஒன்று வழி தவறிச் சேலையூருக்கு வந்துவிட்ட மாதிரி.

அந்த எழுத்தை அழித்துவிட்டு மறுபடி ‘ம’ அடித்தேன். புள்ளியோடுதான் வந்தது. இன்னொரு முறை அடித்தேன். அதே புள்ளி. ஜெயந்தி என்னை இடுப்பால் இடித்து நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, விரல் நுனியால் நிதானமாக ஒரு ‘ம’ அடித்தாள். அவளுக்கும் புள்ளி.

“மேல கீழ நகர்த்திப் பாரு” என்றேன்.

பக்கத்தை ஒரு வரி மேலே தள்ளினாள். கோமதி சரியாகிவிட்டாள். அவளுக்குக் கீழே இருந்த மாப்பிள்ளை பாஸ்கர் ‘பாஸ்க்ர்’ ஆகிவிட்டார். பக்கம் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. அது எழுத்தில் இல்லை, திரையில் இருந்தது. அதற்குக் கீழே எந்த எழுத்து வந்து நின்றாலும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கிலீஷ்காரனாக இருந்தால் தூசி என்று துடைத்துவிட்டுப் போயிருப்பான். நமக்குப் புள்ளி என்றால் சும்மாவா? ஒரு புள்ளி விழுந்தால் எழுத்தின் உயிரே போய்விடுகிறது. நன்றாக உற்றுப் பார்த்தால் திரையில் அங்கங்கே இன்னும் சில புள்ளிகள் இருந்தன. ‘திருமணம்’ பக்கத்தில் ஒன்று. ‘குன்றத்தூர்’ மேல் ஒன்று. எது பத்திரிகையின் புள்ளி, எது பெட்டியின் புள்ளி என்று எங்களுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பத்திரிகை மேற்குத் தாம்பரத்து அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பெட்டி வந்த வழி

கேம்ப் ரோட்டில் நானும் ஜெயந்தியும் கடை பிடித்த கதையைப் போன வாரம் சொன்னேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஜெயந்தி என் கணவரின் தங்கை. நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தொழில் செய்கிறார்கள் என்பதே அந்தத் தெருவில் ஒரு வேடிக்கை. எப்போது சண்டை வரும் என்று எதிர்க்கடைத் தையல்காரர் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். சண்டை போட எங்களுக்கு நேரமில்லை. பத்திரிகை, பிட் நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ், சர்ச் ஆண்டு மலர் என்று எதையாவது தட்டிக்கொண்டே இருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் நாங்கள் அதற்கு மூன்றாவது கை. ஏதோ ஓர் ஏற்றுமதி அலுவலகத்தை மூடியபோது மேஜை நாற்காலிகளோடு வெளியே வந்தது. மூடியின் மேல் யாரோ காப்பி டம்ளர் வைத்த வட்டம் அப்படியே பதிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை; அதன் மேல் ஒரு பிள்ளையார் படம் ஒட்டிவிட்டோம்.

கம்ப்யூட்டர் என்றால் அப்போது ஒரு பயபக்தி. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுத்தான் வருவார்கள். குளிர்சாதன வசதிக்கு எங்களிடம் வழியில்லை. ஸ்டாண்டு ஃபேன் ஒன்று இருந்தது. அது பெட்டியைப் பார்த்துத்தான் சுழலும். எங்களுக்கு, அடித்து வீணான காகிதங்களே விசிறி. மே மாதத்தில் சேலையூர் வெயிலில் உட்கார்ந்து, காற்றையெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்த மகாதியாகிகள் நாங்கள்.

தட்டினால் வரும்

எனக்கும் இயந்திரங்களுக்கும் உள்ள உறவு அதற்கு முன்பே தொடங்கியது. எண்பதுகளில் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படிக்காத பெண்ணே கிடையாது. ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு மாடியில் இருந்தது எங்கள் இன்ஸ்டிடியூட். முதலில் இங்கிலீஷ், அப்புறம் தமிழ். விரலைப் பார்த்து அடித்தால் மாஸ்டருக்குக் கோபம் வரும். கைகளின் மேல் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துவிடுவார். இருட்டுக்குள் விரல்கள் தானாக எழுத்தைத் தேடிப் பழகின. மின்சார ரயில் கடக்கும்போது கட்டடம் அதிரும். அத்தனை மெஷின்களும் கொஞ்சம் கிணுகிணுக்கும். நாங்கள் அடித்துக்கொண்டே இருப்போம்.

வீட்டில் அப்போது ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. இருந்தது. படம் ஆடினால் என் அப்பா எழுந்து போய், அதன் மண்டையில் வலது பக்கமாக ஒரு தட்டுத் தட்டுவார். சரியாகிவிடும். இடது பக்கம் தட்டினால் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பி மொட்டை மாடியில் நின்று இலங்கைத் தொலைக்காட்சிக்காக ஆன்டெனாவைத் திருப்புவான். “வந்துதா?” என்று அவன் மேலிருந்து கத்துவான். “வந்துது, வந்துது... போச்சு!” என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். பாதிப் படத்தை நாங்கள் கத்தியே பார்த்தோம்.

எந்தக் கோளாறும் ஒரு தட்டில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த தலைமுறை. கம்ப்யூட்டர்தான் முதன்முதலில் அந்த நம்பிக்கையை உடைத்தது.

செருப்போடு வந்தவர்

புள்ளிகளோடு நாங்கள் மல்லாடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. செருப்பைக் கழற்றாமல் நேராக உள்ளே வந்தார். எங்கள் கடைக்குள் அப்படி நுழைந்த முதல் ஆள் அவர்தான்.

“கோமதி கல்யாணப் பத்திரிகை இங்கதான் அடிக்கிறீங்களா?”

“ஆமாம் சார். நீங்க?”

“நான்தான் அதுல கீற ஏகாம்பரம்.”

பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயர் அது.

கோமதி அதற்குச் சில நாள் முன்பு வந்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பையன் பாஸ்கர் குரோம்பேட்டை. இரண்டு பேரும் வேறு வேறு சாதி. அவளே தேர்ந்தெடுத்த பையன். இரும்புலியூரில் அவள் வீட்டில் அப்பா அவளோடு பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. “குன்றத்தூர் முருகன் கோயில்ல சிம்பிளா பண்றோம் மேடம்” என்றாள். பத்திரிகை யார் பேரில் என்று கேட்டேன். “அப்பா பேர்லதான்” என்றாள் சட்டென்று. அவருக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, “சொல்லிடுவேன்” என்றாள்.

அன்று காலையில்தான் சொல்லியிருக்கிறாள்.

“எம் பேரு அதுல இருக்கக் கூடாது” என்றார் ஏகாம்பரம். “என்னைக் கேக்காம எம் பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் குடுக்கப் போறாளாம். அத்த எடுத்துடு. எம் முன்னாலயே எடு. நான் பாத்துட்டுதான் போவேன்.”

நான் ஜெயந்தியைப் பார்த்தேன். ஜெயந்தி கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பெயர் இருந்த வரிக்குப் போனேன்.

அப்போதுதான் அது நடந்தது. புள்ளிகள் திடீரென்று பெருகின. மழைக்கு முன் ஈசல் கிளம்புவதுபோல் திரை முழுக்கப் பரவின. பிறகு அவை கோடுகளாயின. ஊதா, பச்சை, வெள்ளை. அப்புறம் ஒரேயடியாக இருட்டு.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். பெட்டியிலிருந்து நீளமாக ஒரு ‘பீ...ப்’. தொடர்ந்து குட்டிக் குட்டியாக ‘பிப், பிப்’. திரையில் ஒன்றுமில்லை.

“இன்னாம்மா, பொட்டி அழுவுது?” என்றார் ஏகாம்பரம்.

அவரும் என் அப்பா தலைமுறைதான். நான் தடுப்பதற்குள் மானிட்டர் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு இடது பக்கம் ஒன்று. அது அசையவில்லை.

“பாத்தியா? அந்த முருகனே வாணாம்னு சொல்லிட்டாரு” என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். குரலில் வெற்றி இருந்தது. முகத்தில் அவ்வளவு இல்லை.

பின்னறையில் ஒரு யோசனை

காகிதக் கட்டுகள் அடுக்கிய பின்னறைக்கு ஜெயந்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணி, ஸ்க்ரீன்தான் போச்சு. உள்ள கம்ப்யூட்டர் ஓடுது. சத்தம் கேக்குது பாருங்க.”

“கேக்குது.”

“பார்க்காமலே பிரிண்ட் குடுத்துடலாம். கீபோர்டுலயே முடியும். பட்டர் பேப்பர்ல எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவோம். அவர்கிட்ட கம்ப்யூட்டர் ரிப்பேர், நாளைக்கு வாங்கன்னு சொல்லிடலாம். பொய்யும் இல்லையே?”

பட்டர் பேப்பர் என்பது ஒளி ஊடுருவும் மெல்லிய தாள். அதில் அடித்துக் கொடுத்தால்தான் அச்சகத்தில் அதை வைத்துத் தகடு எடுப்பார்கள். தகடு எடுத்துவிட்டால் ஏகாம்பரத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கும் ஆசைதான். கோமதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் பெயரை ஓர் எழுத்து விடாமல் சொல்லி எழுத வைத்தது கண் முன்னால் நின்றது. ஆனால் மனம் ஒப்பவில்லை. பேர் அவருடையது. தவிர, ‘நான் போடச் சொல்லல’ என்று அவர் இரும்புலியூரில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனால், தலைகுனிந்து நிற்கப்போவது நானோ ஜெயந்தியோ இல்லை.

“முதல்ல ஸ்க்ரீனைக் கொண்டுவருவோம். அப்புறம் அவர் சொல்றபடி செய்வோம்” என்றேன்.

“நீங்க ரொம்ப நியாயஸ்தி அண்ணி” என்றாள். பாராட்டு இல்லை அது.

வெளியே வந்து அவரிடம் உள்ளதைச் சொன்னேன். “சார், படம் வந்தாத்தான் உங்க பேரை எடுக்க முடியும். இப்பவே பிரிண்ட் குடுத்தா பேரோடதான் வரும்.”

“பொட்டியே செத்துப்போச்சு. எப்டி வரும்? காட்டு.”

கண்ணைக் கட்டிக்கொண்டு

எனக்கும் ஒரு சோதனை தேவைப்பட்டது. கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். பெட்டி தெளிவாக யோசித்து, முகம் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

பெட்டியை அணைத்துப் போட்டேன். பீப் சத்தம் அடங்கியது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சுற்றி ஓயும் வரை காது கொடுத்துக் காத்திருந்தேன். இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே, தினமும் செய்து பழகிய வரிசையில் சாவிகளை அழுத்தினேன். திற. கோப்பு. சரி. அச்சிடு. சரி. அட்டைப் பெட்டிக்குள் அடித்துப் பழகிய விரல்களுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஜெயந்திதான் நகம் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரின்டரில் பச்சை விளக்கு சிமிட்டியது. ஒரு முனகல். சூடான தாள் ஒன்று மெதுவாக வெளியே வந்தது.

புள்ளி ஒன்றுகூட அதிகமில்லை. கோமதி, கோமதியாகவே இருந்தாள்.

“அடேங்கப்பா! கண்ணு தெரியாமயே எழுதுது” என்றார் ஏகாம்பரம். தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“இதுல ‘எனது மகள்’னு போட்டுகீதே. நானா சொன்னேன்?”

“கோமதி சொன்னாங்க சார்.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாடியிலிருந்து இறங்கிய மானிட்டர்

இனி இரண்டே சந்தேகம். ஒன்று மானிட்டர். இல்லாவிட்டால் பெட்டிக்குள் செருகியிருக்கும் டிஸ்ப்ளே கார்டு. இன்று அதை கிராஃபிக்ஸ் கார்டு என்கிறார்கள். கம்ப்யூட்டர் நினைப்பதைப் படமாக்கித் திரைக்கு அனுப்பும் பலகை.

சர்வீஸ் இன்ஜினீயருக்கு போன் செய்தோம். மவுண்ட் ரோட்டிலிருந்து வர வேண்டும். நாளை மறுநாள் என்றார்கள். எங்கள் கடைக்கு மேல் மாடியில் டேவிட் சார் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அங்கே இருந்தவை பெரும்பாலும் பச்சை எழுத்து மட்டும் காட்டும் பழைய பெட்டிகள். அவருடைய சொந்த அறையில் மட்டும் ஒரு கலர் மானிட்டர். அவர் கம்ப்யூட்டரில் எங்கள் தமிழ் எழுத்துகள் கிடையாது. ஏற்ற வேண்டுமென்றால் அரை நாள் ஆகும். ஆகவே மானிட்டரை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டேன்.

“மானிட்டர் எடுத்துக்கங்க சிஸ்டர். கார்டு மட்டும் கேட்காதீங்க. கழட்டினா திரும்ப வேலை செய்யுமான்னு எனக்கே தெரியாது” என்றார் டேவிட் சார்.

அந்தக் காலத்து மானிட்டர் பிடித்துத் தூக்க ஓர் இடம் இல்லாத பூசணிக்காய். நானும் ஜெயந்தியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மாடிப்படியில் தவித்தோம். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை.

“நவுருங்க ரெண்டு பேரும். வுழுந்து தொலச்சா அதுக்கு வேற நான் ஆசுபத்திரிக்கு அலையணும்.”

செருப்பைப் படியடியில் கழற்றிவிட்டு ஏறினார். கதிர்க் கட்டு தூக்கிய தோள். பூசணிக்காயை அணைத்துப் பிடித்து, ஒரு மூச்சில் இறக்கி மேஜையில் வைத்தார். வேட்டியை உதறிக்கொண்டு, “இன்னும் இன்னா இன்னா தூக்கணும்?” என்றார்.

மாட்டிப் பார்த்தோம். அதிலும் இருட்டு. எங்கள் மானிட்டர் நிரபராதி. கார்டுதான்.

ஸ்ட்ராபெர்ரி வாசனை

சர்வீஸ் இன்ஜினீயர் வரும்போதெல்லாம் நாங்கள் அவருக்கு டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தோம். மின் இணைப்பை உருவிவிட்டு, திருகுகளைக் கழற்றி, பிள்ளையார் ஒட்டிய மூடியைப் பத்திரமாகத் தூக்கி வைத்தோம். உள்ளே ஏற்றுமதி அலுவலகத்துக் காலத்துத் தூசி. ஒரு செத்த பல்லி வேறு. ஜெயந்தி அலறினாள். ஏகாம்பரம் வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்.

தன் மொபெட் பெட்டியிலிருந்து டார்ச் எடுத்து வந்து அவராகவே உள்ளே வெளிச்சம் காட்டினார். கார்டை இருபுறமும் பிடித்து மெல்ல ஆட்டி உருவினேன். அதன் அடி ஓரத்தில் தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்கும். அதில் கறை ஏறினால் தொடர்பு விட்டுப்போகும். இன்ஜினீயர் பென்சில் அழிக்கும் ரப்பரால் அதைத் தேய்த்து நாங்கள் பார்த்திருக்கிறோம்.

“ரப்பர் இருக்கா ஜெயந்தி?”

“நாமதான் பென்சிலே வச்சுக்கறதில்லையே அண்ணி.”

“நான் வாங்கியாறேன்” என்று ஏகாம்பரம் கிளம்பினார். ஸ்கூல் வாசல் கடையில் அவருக்குக் கிடைத்தது இளஞ்சிவப்பு நிறத்தில், ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு, பூ வடிவத்தில் ஒரு ரப்பர். வெள்ளை வேட்டிப் பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது ஜெயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

தேய்க்கத் தேய்க்கக் கறை உருண்டு உதிர்ந்தது. பல்வரிசை பளபளத்தது. கடை முழுக்க ஸ்ட்ராபெர்ரி. வேறொரு துளையில் கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு குட்டிப் ‘பிப்’.

படம் வந்தது!

“வந்துச்சு, வந்துச்சு” என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். பத்திரிகையைத் திறந்தேன். கோமதி தலையில் அதே புள்ளி இருந்தது. பரவாயில்லை என்று அடுத்த வரிக்குப் போவதற்குள் புள்ளிகள் இரண்டு மூன்றாகி, ஈசலாகி, கோடாகி, மறுபடி இருட்டு.

ஏகாம்பரம் டார்ச்சை அணைத்தார். “ச்சே. வந்துகினே இருந்துதே!” என்றார். பேரை எடுக்க வந்தவர் என்று அந்த நிமிடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நெறுக்

ஜெயந்திதான் கண்டுபிடித்தாள். “அண்ணி, காலையில ஒரு புள்ளிதான். மத்தியானம் ஆக ஆக நிறைய. இப்பவும் போட்ட உடனே சரியா வருது, கொஞ்ச நேரத்துல போகுது. சூடு ஏறினா ஏதோ ஆகுது.”

கார்டை மறுபடி உருவினேன். கை பொறுக்காத சூடு. துண்டை மடித்து மேஜையில் போட்டு அதன் மேல் வைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில் கால்கள் முளைத்த சின்னச் சின்னச் சிப்புகள். மரவட்டை மாதிரி வரிசையாக இருந்தன. திரையில் எந்த இடத்தில் என்ன என்று நினைவு வைத்துக்கொள்பவை அவைதான். பலகையோடு பற்ற வைக்காமல், குட்டிக் குட்டிச் சட்டங்களில் செருகியிருந்தார்கள்.

அவற்றில் ஒன்று ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். தினமும் காலையில் சூடாகி, சாயங்காலம் ஆறி, மறுபடி சூடாகி, வருடக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து வெளியே வந்திருக்கிறது.

கட்டை விரலை அதன் முதுகில் வைத்தேன்.

“உடஞ்சுடப் போவுது பாப்பா” என்றார் ஏகாம்பரம் மெதுவாக. நான் அவருக்கு எப்போது ‘பாப்பா’ ஆனேன் என்று தெரியவில்லை.

அழுத்தினேன். ‘நெறுக்’ என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தேன். உடையவில்லை, உட்கார்ந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். சில ‘நெறுக்’ என்றன. சில பேசாமல் இருந்தன.

செருகி, சுவிட்ச் போட்டு, பத்திரிகையைத் திறந்தேன். துடைத்து வைத்த பலகை மாதிரித் திரை. வேண்டாத புள்ளி ஒன்றுகூட இல்லை. கோமதி கோமதியாக, பாஸ்கர் பாஸ்கராக இருந்தார்கள்.

“அவசரப்படாதீங்க. சூடாகட்டும், பார்ப்போம்” என்றாள் ஜெயந்தி.

பக்கத்து டீக்கடையில் டீ சொன்னோம். மூன்று பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, டி.வி. பார்ப்பதுபோல் அசையாத ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே பஸ் போய்க்கொண்டிருந்தது. ஃபேன் வழக்கம்போல் பெட்டியைப் பார்த்துச் சுழன்றது.

ஏகாம்பரம் டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். எங்களைப் பார்த்து இல்லை, திரையைப் பார்த்து.

“இந்த மொபெட்டு வாங்கின புதுசுல, நான் தூங்கும்போது சாவியை எடுத்துகினு போய் ஓட்டக் கத்துக்கினா. முட்டியெல்லாம் சிராய்ச்சுகினு வந்தா. ஒண்ணையும் சொல்லிட்டு செய்ய மாட்டா.” ஒரு மடக்குக் குடித்தார். “என்னை மாதிரியே.”

பெட்டி சூடேறியது. புள்ளி வரவில்லை.

இனி நான் தள்ளிப்போட முடியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் பெயர் இருந்த வரிக்குப் போய் நின்றேன். ஜெயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சார், படம் வந்துடுச்சு. எடுக்கட்டுமா?”

அவர் சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்த முறை விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை படித்தார். தன் பெயரைத் தாண்டினார். பெண்ணின் பெயரைத் தாண்டினார். கீழே வந்து விரல் நின்றது.

“காலைல ஆறு மணிக்கு முகூர்த்தமா?”

“ஆமாம் சார்.”

“குன்றத்தூர்லயா?”

“ஆமாம் சார்.”

“அறிவு கீதா இவளுக்கு? ஆறு மணிக்கு அங்க போய்ச் சேரணும்னா இரும்புலியூர்லருந்து ஜனம் எதுல போவும்? அந்நேரத்துக்கு பஸ்ஸு ஏது? வயசானவங்கல்லாம் கீறாங்க. மலை வேற ஏறணும்.” தாளை என் பக்கம் தள்ளினார். “கீழ போடு. ‘வேன் வசதி உண்டு. இரும்புலியூர், ஏகாம்பரம் வீட்டு வாசல்லருந்து கிளம்பும்.’ எழுத்து பெருசா இருக்கட்டும். கெழவங்களுக்குக் கண்ணு தெரியாது.”

நான் சாவிகளைத் தொடவில்லை. ஜெயந்தி என்னை மறுபடி இடுப்பால் இடித்துத் தள்ளினாள். அவர் மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் அந்த வரியை அடித்த வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“பேரு சார்?” என்று கேட்டேன்.

“இன்னா பேரு? பேர் இல்லாம யார் வூட்டு வாசல்ல வேனு நிக்கும்?” என்று எழுந்தார். டேவிட் சாரின் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

வேன்

எங்களுக்கும் பத்திரிகை வந்தது. நாங்கள் அடித்த பத்திரிகையே எங்களுக்கு வந்தால் நாங்கள் போவது வழக்கமில்லை. அப்படிப் போனால் தினமும் கல்யாணச் சாப்பாடுதான். இதற்குப் போனோம்.

விடிவதற்கு முன் இரும்புலியூரில் அவர் வீட்டு வாசலில் வேன் நின்றது. பட்டுப் புடவைகளும் சந்தனமும் தூக்கக் கலக்கமுமாக ஜனம் ஏறிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, தாமதமாக வந்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். பெண்ணும் அம்மாவும் முன்னதாகவே காரில் கிளம்பிவிட்டார்கள் என்றார்கள்.

“பொண்ணோட அப்பா கார்ல போகலையா?” என்று முன்சீட்டில் இருந்த ஓர் அம்மாள் கேட்டார்.

“கூப்ட்டா. ‘அப்பா, வா, வந்து ஏறு’ன்னு கூப்ட்டா” என்றார் ஏகாம்பரம். கடைசி ஆளையும் உள்ளே தள்ளிவிட்டு, கதவை இழுத்துச் சாத்தி, உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வேன்னு பத்திரிகையில போட்டது நானு. ஒருத்தரை வுட்டுட்டுப் போனாலும் நாளைக்கு என்னத்தான கேப்பாங்க? நீ வண்டிய எடுப்பா.”